ஷேர் மார்க்கெட் விழுந்தா மத்திய வங்கி ஓடி வரணுமா?

மார்க்கெட் சேர்ந்தாப்ல ரெண்டு மூணு நாள் விழுந்தா போதும், "மத்திய வங்கி என்ன பண்ணிட்டு இருக்கு, வட்டியக் குறைக்க வேண்டியதுதானே"ன்னு பேச்சு ஆரம்பிச்சிடும். அதே மார்க்கெட் வருஷக்கணக்கா ஏறிட்டே போனா பேச்சு மாறும், "நோட்ட அடிச்சு உள்ள கொட்டுறாங்க, அதான் ஏறுது"ம்பாங்க. ரெண்டு பேச்சுக்கும் அடியில இருக்கறது ஒரே நம்பிக்கை: பங்கு விலை மத்திய வங்கி கையில இருக்கு, அதப் பாத்துக்கறது அவங்க பொறுப்பு. இது தப்பு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லங்கறதும் தப்பு. இந்தக் குழப்பத்தோட பணம் போடுறவங்க விழும்போது பயந்து வித்துட்டு, ஏறும்போது "எப்படியும் காப்பாத்திடுவாங்க"ன்னு கடன் வாங்கி உள்ள வர்றாங்க, அதனாலதான் அடிப்படையில இருந்து எழுதணும்னு தோணுச்சு. பொருளாதாரம் படிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல, கணக்கு ரொம்பக் கொஞ்சம்தான் வரும்.

மத்திய வங்கிக்கு யார் என்ன வேலை கொடுத்திருக்காங்க

மத்திய வங்கி நம்மகிட்ட டெபாசிட் வாங்காது, நமக்கு வீட்டுக்கடன் கொடுக்காது. வங்கிகளுக்குத்தான் அது வங்கி. ஒவ்வொரு நாட்டுலயும் அதுக்கு வேலை சட்டத்துல எழுதியே கொடுத்திருக்காங்க. அமெரிக்காவோட ஃபெடரல் ரிசர்வ், எல்லாரும் ஃபெட்னு சொல்றது, 1913-ல வந்த சட்டத்துல உருவானது. 1977-ல அந்தச் சட்டத்தத் திருத்தினப்போ விலைவாசி நிலையா இருக்கணும், வேலைவாய்ப்பு முடிஞ்ச அளவு அதிகமா இருக்கணும்னு எழுதினாங்க. ஐரோப்பிய மத்திய வங்கிக்கு விலைவாசிதான் முதல் வேலை. இந்திய ரிசர்வ் வங்கிக்கு 2016-ல இருந்து பணவீக்க இலக்கு 4 சதவீதம், மேலயும் கீழயும் 2 சதவீதம் வரைக்கும் போகலாம். பணவீக்கம்னா பொருள், சேவை எல்லாத்தோட விலையும் பொதுவா சேர்ந்து ஏறுற வேகம், அவ்வளவுதான்.

இந்தச் சட்டங்கள்ல எங்கயும் பங்குச் சந்தைக் குறியீடு இந்த அளவுல இருக்கணும்னு ஒரு வரி கிடையாது. சந்தையில ஏமாத்து வேலை நடக்காமப் பாத்துக்கறது, கம்பெனிங்க உண்மையான கணக்கக் காட்ட வைக்கறது, புரோக்கர்களக் கட்டுப்படுத்தறது இதெல்லாம் வேற அமைப்போட வேலை. அமெரிக்காவுல 1934-ல வந்த எஸ்இசி, இந்தியாவுல செபி. ஷேர் மோசடிக்கும் மத்திய வங்கியத் திட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அது விலாசம் மாறிப்போன புகார்.

ஒரு அணையோட இன்ஜினியர நினைச்சுக்கோங்க. மதகை எவ்வளவு திறக்கணும்னு முடிவு பண்றது அவர். கீழ இருக்கற பயிருக்குத் தண்ணி பத்தணும், ஊருக்குக் குடிக்கத் தண்ணி வேணும், வெள்ளமும் வரக்கூடாது, இதுதான் அவரோட கணக்கு. வாய்க்கால் ஓரமா நிலம் வாங்கிப் போட்டவங்க சில பேர் இருப்பாங்க. மதகு திறந்தா அந்த நிலத்துக்கு விலை ஏறும், மூடினா இறங்கும். விலை ஏறி இறங்குறது நிஜம், அவர் பண்ற வேலையாலதான் அது நடக்குதுங்கறதும் நிஜம். ஆனா அவர் மதகத் திறந்தது நிலத்து விலைக்காக இல்ல. நில விலை இறங்குறப்பல்லாம் தண்ணி திறந்து விடுங்கன்னு வாய்க்கால் ஓரத்துக்காரங்க கேக்க ஆரம்பிச்சு அவரும் கேட்டா, ஒரு நாள் பயிர் மொத்தமும் முங்கிடும்.

மத்திய வங்கி கையில இருக்கற மதகுதான் கொள்கை வட்டி. வங்கிகள் ஒண்ணுக்கொண்ணு ரொம்பக் குறுகிய காலத்துக்கு, பல சமயம் ஒரே ஒரு ராத்திரிக்கு, கடன் கொடுத்துக்கற வட்டியோட அளவத் தீர்மானிக்கற வட்டி அது. வீட்டுக்கடன், கம்பெனிக் கடன், டெபாசிட்னு மத்த வட்டியெல்லாம் அதப் பாத்துதான் நகரும்.

வட்டியில இருந்து பங்கு விலைக்கு எப்படிப் போகுது

இந்த இடம்தான் விஷயத்தோட உயிர், அதனால கொஞ்சம் நிதானமாப் போவோம்.

ஒரு பங்கு வாங்குறீங்கன்னா அந்தக் கம்பெனி வரப்போற வருஷங்கள்ல சம்பாதிக்கப்போற லாபத்துல ஒரு பங்க இன்னைக்கே காசு கொடுத்து வாங்குறீங்க. வரப்போற காசுக்கு இன்னைக்கு என்ன மதிப்பு? பத்து வருஷம் கழிச்சு உங்களுக்கு 100 கிடைக்கும்னு வைங்க, எந்த நாட்டுப் பணமா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். ஆபத்தே இல்லாத முதலீட்டுல வருஷத்துக்கு 4 சதவீத வட்டி கிடைக்குதுன்னா, இன்னைக்கு சுமார் 67.6 போட்டு வச்சாலே பத்து வருஷத்துல அது 100 ஆயிடும். அப்போ அந்த 100-க்கு இன்னைக்கு 67.6-க்கு மேல கொடுக்கறதுல அர்த்தம் இல்ல. வட்டி 8 சதவீதம் ஆயிடுச்சுன்னா? 46.3 போட்டாலே போதும். கிடைக்கப்போற 100 மாறவே இல்ல, கம்பெனி எந்தத் தப்பும் பண்ணல, ஆனாலும் அதோட இன்றைய மதிப்புல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு காணாமப் போயிடுச்சு. வரப்போற காசை இப்படி வட்டியால கழிச்சு இன்றைய மதிப்புக்குக் கொண்டு வர்றதத்தான் டிஸ்கவுண்ட் பண்றதுன்னு சொல்றாங்க.

இதுலயே இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. அதே 100 அடுத்த வருஷமே வரப்போகுதுன்னா 4 சதவீத வட்டியில அதோட மதிப்பு 96.2, 8 சதவீதத்துல 92.6, அதாவது பெரிய அடி இல்ல. தூரத்துல இருக்கற லாபத்த நம்பி ஓடுற கம்பெனிங்களுக்குத்தான் வட்டி ஏறினா அதிகமா வலிக்கும், டெக் பங்குகள் வட்டிச் செய்தி வந்தாலே துள்ளுறதுக்குக் காரணம் இதுதான். 2022-ல ஃபெட் தன்னோட கொள்கை வட்டிய 0–0.25-ல இருந்து வருஷக் கடைசிக்குள்ள 4.25–4.50 சதவீதத்துக்கு ஏத்துச்சு. அந்த வருஷம் எஸ் அண்ட் பி 500, அதாவது அமெரிக்காவோட 500 பெரிய கம்பெனிங்களோட பங்கு விலையச் சேத்துக் காட்டுற குறியீடு, சுமார் 19 சதவீதம் விழுந்துச்சு, டெக் கம்பெனிங்க நிறைஞ்ச நாஸ்டாக் சுமார் 33 சதவீதம்.

மத்த வழிகளும் உண்டு, அதெல்லாம் எளிது. வட்டி ஏறினா கம்பெனிக்குக் கடன் செலவு கூடும், ஜனங்க கடன்ல வாங்குறது குறையும், லாபம் இறங்கும். டெபாசிட்லயே நல்ல வட்டி கிடைச்சா கொஞ்சப் பேர் ஷேர விட்டுட்டு அங்க போயிடுவாங்க.

இதுவரைக்கும் பாத்தத சேத்துச் சொன்னா: மத்திய வங்கி விலைவாசிக்காகவும் வேலைவாய்ப்புக்காகவும் வட்டிய மாத்துது, அந்த வட்டி பங்கு விலைக் கணக்குல ஒரு எண்ணா இருக்கறதால பங்கு விலையும் மாறுது.

அப்போ வட்டியக் குறைச்சா மார்க்கெட் ஏறிடுமா

ஏறும்னுதான் பல பேர் நினைக்கறாங்க. 2001-ஐப் பாருங்க. அந்த ஒரே வருஷத்துல ஃபெட் 11 தடவை வட்டியக் குறைச்சு 6.5-ல இருந்து 1.75 சதவீதத்துக்குக் கொண்டு வந்துச்சு. மார்க்கெட் அந்த வருஷமும் விழுந்துச்சு, அதுக்கு அடுத்த வருஷமும் விழுந்துச்சு. 2007 செப்டம்பர்ல 5.25 சதவீதமா இருந்த வட்டி 2008 டிசம்பர்ல கிட்டத்தட்ட பூஜ்யம். மார்க்கெட் 2007 அக்டோபர்ல இருந்து 2009 மார்ச் வரைக்கும் பாதிக்கு மேல போச்சு. 2020 மார்ச் 3-ம் தேதி, கூட்டத்துக்கு நாள் இருக்கும்போதே ஃபெட் அவசரமா அரை சதவீதம் குறைச்சுது, அன்னைக்கே மார்க்கெட் சுமார் 3 சதவீதம் இறங்குச்சு. 15-ம் தேதி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இன்னும் ஒரு முழு சதவீதம் குறைச்சு பூஜ்யத்துக்கே கொண்டு போனாங்க, மறுநாள் திங்கட்கிழமை அமெரிக்காவோட இன்னொரு பங்குக் குறியீடான டவ் ஜோன்ஸ் கிட்டத்தட்ட 13 சதவீதம் சரிஞ்சுது.

காரணம், மேல போட்ட கணக்குல எண்கள் ரெண்டு. ஒண்ணு வட்டி, இன்னொண்ணு வரப்போற லாபம். லாபம் 100 வரும்னு நினைச்சிருந்தவங்க இனி 50தான் வரும்னு நினைக்க ஆரம்பிச்சா வட்டி எவ்வளவு இறங்கினாலும் அந்த ஓட்டைய அடைக்காது. அதோட, வட்டி குறையப் போகுதுன்னு எல்லாரும் முன்னாடியே எதிர்பார்த்திருந்தா அது ஏற்கனவே விலையில ஏறியிருக்கும். எதிர்பாராத அவசரக் குறைப்பு வந்தா "நமக்குத் தெரியாத ஏதோ மோசமான விஷயம் இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு"ன்னு பயம்தான் கூடும். வட்டி குறைஞ்சுதுங்கற ஒரே காரணத்துக்காக வாங்காதீங்க, ஏன் குறைச்சாங்கன்னு முதல்ல பாருங்க.

நோட்டு அடிச்சு மார்க்கெட்ல கொட்டுறாங்களா

இதுதான் ரொம்பப் பரவின தப்பான புரிதல், அதனால இதுக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம்.

வட்டி பூஜ்யத்துக்கு வந்த பிறகும் பொருளாதாரம் எழுந்திரிக்கலன்னா மத்திய வங்கி கியூஇ-ங்கற வழிய எடுக்கும். நீண்ட கால அரசுக் கடன் பத்திரங்கள மொத்தமா வாங்கி, நீண்ட கால வட்டியையும் கீழ இறக்கறது, அதுதான் கியூஇ. ஃபெட் இத 2008 நவம்பர்ல வீட்டுக்கடன் பத்திரங்கள வாங்குறதா அறிவிச்சு ஆரம்பிச்சுது, 2009 மார்ச்ல நீண்ட கால அரசுப் பத்திரங்களையும் சேத்துக்கிச்சு. சரி, வாங்குறதுக்குக் காசு எங்க இருந்து வருது? மத்திய வங்கி தன்னோட கணக்குப் புத்தகத்துல ஒரு எண்ண எழுதுது, அது புதுசா உருவாகற பணம், இது உண்மைதான். ஆனா அந்த எண் போய் உக்காருற இடம் வங்கிகள் மத்திய வங்கியில வச்சிருக்கற கணக்கு. அந்தக் கணக்கு இருப்புக்குப் பேரு ரிசர்வ். ரிசர்வ வச்சு யாரும் ஷேர் வாங்க முடியாது, அது வங்கிகளுக்குள்ளயும் மத்திய வங்கிக்குள்ளயும் மட்டும்தான் சுத்தும்.

பங்கு விலைக்கு அதோட தாக்கம் சுத்து வழியில வருது. ஒரு பென்ஷன் ஃபண்ட் தன்கிட்ட இருந்த அரசுப் பத்திரத்த வித்துடுச்சுன்னு வைங்க. இப்போ அதுகிட்ட பத்திரத்துக்குப் பதிலா வங்கி டெபாசிட் இருக்கு, அதுல வருமானம் ரொம்பக் கம்மி, திரும்பப் பத்திரம் வாங்கலாம்னா மத்திய வங்கி வாங்கி வாங்கி அதோட விலை ஏறி வருமானம் குறைஞ்சு கெடக்கு, அதனால அது கம்பெனிப் பத்திரம் பக்கம் போகுது, கம்பெனிப் பத்திரத்துல இருந்தவங்க பங்கு பக்கம் நகர்றாங்க, இப்படி ஒவ்வொருத்தரா ஒரு படி தள்ளி உக்காருறாங்க. இதோட டிஸ்கவுண்ட் கணக்கையும் சேத்துக்கோங்க. கியூஇ-யால பங்கு விலை ஏறுதுங்கறது சரி, காசு நேரா மார்க்கெட்டுக்குள்ள கொட்டுதுங்கறது தப்பு.

இன்னும் ஒரு விஷயம், இத யோசிச்சுப் பாத்தா பல குழப்பம் தீரும். மார்க்கெட்டுக்குள்ள "காசு வந்துச்சு, போச்சு"ன்னு சொல்றோமே, ஒவ்வொரு தடவை ஒருத்தர் ஷேர் வாங்கும்போதும் இன்னொருத்தர் விக்கறாரு. வாங்குறவரோட காசு விக்கறவர் கணக்குக்குப் போயிடுது, மார்க்கெட்டுக்குள்ள எங்கயும் தேங்கி நிக்கறதில்ல. மாறுறது, ஜனங்க ஒரு பங்குக்கு என்ன விலை கொடுக்கத் தயாரா இருக்காங்கங்கறதுதான்.

எப்போ மத்திய வங்கி நிஜமாவே இறங்கி வரணும்

இங்கதான் என்னோட கருத்த அழுத்திச் சொல்லணும்னு நினைக்கறேன். விலை விழுறது வேற, கடன் ஓட்டம் நின்னு போறது வேற. மத்திய வங்கி இறங்க வேண்டியது ரெண்டாவதுக்குத்தான். அணைக் கணக்குல சொன்னா, நிலத்து விலை சரியிறது அவர் பிரச்சினை இல்ல, வாய்க்கால் கரை உடையறது அவர் பிரச்சினை.

1929 அக்டோபர் 28, 29 தேதிகள்ல டவ் ஜோன்ஸ் முதல் நாள் சுமார் 13, மறுநாள் சுமார் 12 சதவீதம் விழுந்துச்சு. அந்தச் சரிவுதான் பெருமந்தத்த, அதாவது 1930-கள்ல வந்த பெரிய பொருளாதார வீழ்ச்சிய, கொண்டு வந்துச்சு, மத்திய வங்கி சும்மா இருந்துச்சுன்னு பொதுவா சொல்லுவாங்க. நடந்தது அப்படி இல்ல. அந்த வாரம் நியூயார்க் ஃபெட், அதாவது ஃபெட்டோட நியூயார்க் வங்கி, வேகமா பணம் கொடுத்து, புரோக்கர்களுக்குப் போயிட்டு இருந்த கடன் அறுந்து போகாமப் பாத்துக்கிச்சு. அந்த வாரத்துல பெரிய வங்கிகள் எதுவும் சாயல. தப்பு நடந்தது அதுக்கு அப்புறம்: 1930-ல இருந்து 1933 வரைக்கும் அலை அலையா ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடினப்போ ஃபெட் போதுமான அளவு கை கொடுக்கல. நாட்டுல இருந்த பணத்தோட அளவே சுமார் மூணுல ஒரு பங்கு சுருங்கிப் போச்சு. டெபாசிட் போட்டவங்க காசு போச்சு, கடைக்கும் ஆலைக்கும் கடன் போச்சு, வேலை போச்சு.

1987 அக்டோபர் 19-ஐ அதோட பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரே நாள்ல டவ் 22.6 சதவீதம், 1929-ல எந்த ஒரு நாளையும் விட மோசம். ஆலன் கிரீன்ஸ்பான் ஃபெட் தலைவரா வந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. மறுநாள் காலையில மார்க்கெட் திறக்கறதுக்கு முன்னாடி ஃபெட் ஒரே ஒரு வாக்கிய அறிக்கை விட்டுச்சு, பொருளாதாரத்துக்கும் நிதி அமைப்புக்கும் வேண்டிய லிக்விடிட்டி கொடுக்கத் தயாரா இருக்கோம்னு. லிக்விடிட்டினா சொத்து இருக்கறவங்க அத அடிமாட்டு விலைக்கு விக்காம உடனே கைக்குப் பணம் எடுக்க முடியறது. புரோக்கர்களுக்கும் டீலர்களுக்கும் கடன நிறுத்திடாதீங்கன்னு வங்கிகள்கிட்டயும் பேசினாங்க. பங்கு இந்த விலைக்கு வரணும்னு எங்கயும் சொல்லல, ஒரு பங்கு கூட வாங்கல. கடன் ஓடுச்சு, வங்கிகள் நின்னுச்சு, அமெரிக்காவுல அடுத்த பொருளாதாரச் சரிவு 1990-லதான் வந்துச்சு.

இன்னொரு ஜோடி. 2000–2002-ல நாஸ்டாக் உச்சத்துல இருந்து 78 சதவீதம் போச்சு, எஸ் அண்ட் பி 500 கிட்டத்தட்ட பாதி போச்சு. ஆனா 2001 பொருளாதாரச் சரிவு எட்டே மாசம், லேசானது. 2007–2009-ல எஸ் அண்ட் பி சுமார் 57 சதவீதம், அது உலகத்தையே சாச்சுது. பங்கு விழுந்த அளவுல அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்ல. முதல் தடவை காச இழந்தது பங்கு வச்சிருந்தவங்க. ரெண்டாவது தடவை அடி விழுந்தது வங்கிகளோட அடிமடியில, கழுத்து வரைக்கும் கடன் வாங்கி வீட்டுக்கடன் பத்திரங்கள்ல போட்டு வச்சிருந்தாங்க.

அதனால மார்க்கெட் வேகமா விழும்போது குறியீட்டு எண்ணையே வெறிச்சுப் பாத்துட்டு இருக்காதீங்க. வங்கிகள் ஒண்ணுக்கொண்ணு கடன் கொடுக்குதா, நல்ல கம்பெனியோட கடன் பத்திரத்துக்கு அரசுப் பத்திரத்த விட எவ்வளவு அதிக வட்டி கேக்கறாங்க, அந்த இடைவெளி திடீர்னு விரியுதா, இதப் பாருங்க. மத்திய வங்கில இருக்கறவங்களும் இதத்தான் பாக்கறாங்க. 2020 மார்ச்ல அமெரிக்க அரசுப் பத்திரத்தையே வாங்க ஆள் கிடைக்காம எல்லாரும் திணறினாங்க, அப்போதான் ஃபெட் 23-ம் தேதி வேண்டிய அளவுக்குப் பத்திரம் வாங்குறோம், கம்பெனிக் கடனுக்கும் வழி பண்றோம்னு அறிவிச்சுது. மார்க்கெட் அடியத் தொட்டது அன்னைக்குத்தான். வட்டிக் குறைப்புக்கு அசையாத மார்க்கெட் கடன் வழி திறந்ததும் திரும்புச்சு.

"ஃபெட் புட்"ங்கற நம்பிக்கை

புட்ங்கறது ஒரு வகை காப்பீடு மாதிரி: பங்கு எவ்வளவு விழுந்தாலும் முன்னாடியே பேசின விலைக்கு விக்கலாம்ங்கற உரிமை, அதக் காசு கொடுத்து வாங்கணும். 1987-லயும், அப்புறம் 1998-ல எல்டிசிஎம்-ங்கற பெரிய ஹெட்ஜ் ஃபண்ட் (பணக்காரங்களோட பணத்த வாங்கி பெரிய ஆபத்து எடுத்துப் போடுற ஃபண்ட்) சாய்ஞ்சு ஃபெட் அடுத்தடுத்து மூணு தடவை வட்டி குறைச்சப்பவும், நமக்கு இந்த புட் ஓசியிலயே இருக்குன்னு மார்க்கெட்ல ஒரு நம்பிக்கை வந்துடுச்சு. முதல்ல அதுக்கு கிரீன்ஸ்பான் புட்னு பேரு, அப்புறம் பொதுவா ஃபெட் புட்.

இந்த நம்பிக்கையில உண்மையும் கொஞ்சம் இருக்கு, அதுதான் பிரச்சினையே. நஷ்டத்த வேற யாரோ ஏத்துக்குவாங்கன்னு தெரிஞ்சா ஆள் அதிக ஆபத்துல இறங்குவான், இதுக்கு மாரல் ஹஸார்ட்னு பேரு. ஒவ்வொரு தடவையும் காப்பாத்தினா அடுத்த தடவை இன்னும் அதிகக் கடன்ல நிப்பாங்க, அப்போ விழுறது இன்னும் பெருசா இருக்கும். லாபம் ஷேர் வச்சிருக்கறவங்களுக்கு, காப்பாத்தற செலவு பணவீக்கமா ஷேரே இல்லாதவங்க தலையிலயும் விழும். இது நியாயம் இல்ல. ஷேர் அதிகமா வச்சிருக்கறது எந்த நாட்டுலயும் வசதியானவங்கதான்.

2022-ல இந்த நம்பிக்கைக்கு ஒரு சோதனை வந்துச்சு. அமெரிக்காவுல பணவீக்கம் ஜூன்ல 9.1 சதவீதத்தத் தொட்டுச்சு. மார்க்கெட் ஏற்கனவே நல்லா விழுந்திருந்த நேரம், ஆகஸ்ட் 26-ம் தேதி ஃபெட் தலைவர் ஜெரோம் பவல் ஜாக்சன் ஹோல்ங்கற இடத்துல வருஷா வருஷம் நடக்கற மத்திய வங்கிக்காரங்க கூட்டத்துல ரொம்பச் சின்னதா ஒரு பேச்சு பேசினாரு: வட்டி ஏத்துறத நிறுத்த மாட்டோம், குடும்பங்களுக்கும் தொழிலுக்கும் வலிக்கும், ஆனா விலைவாசிய இறக்கியே ஆகணும். அன்னைக்கு டவ் 1,000 புள்ளிக்கு மேல விழுந்துச்சு. யாரும் ஓடி வரல. என் பார்வையில மத்திய வங்கி தன் வேலையச் சரியாப் பாத்த நாள் அது.

சுருக்கமா: கடன் ஓட்டம் அறுந்தா மத்திய வங்கி வரும், வரணும். விலை மட்டும் விழுந்தா, அதுவும் பணவீக்கம் எரிஞ்சுட்டு இருக்கும்போது, வராது.

குமிழியக் குத்தி உடைக்கலாமே?

விழும்போது காப்பாத்த வேணாம்னா ஏறும்போதாவது தடுக்கலாமேன்னு அடுத்த கேள்வி வரும், நியாயமான கேள்வி. சிக்கல் என்னன்னா இது குமிழியா, அதாவது நிஜ மதிப்ப மீறி ஊதின விலையா, இல்ல நிஜமான வளர்ச்சியான்னு அந்த நேரத்துல தெரியாது. கிரீன்ஸ்பான் 1996 டிசம்பர் 5-ம் தேதி சொத்து விலைகள் அர்த்தமில்லாத உற்சாகத்துல ஏறுதோன்னு ஒரு பேச்சுல கேட்டாரு, உலகச் சந்தைகள் மறுநாள் ஆடிப்போச்சு. அன்னைக்கு டவ் சுமார் 6,437. அதுக்கப்புறம் மூணு வருஷத்துக்கு மேல ஏறிட்டே போயி, பிறகு உடைஞ்சு, 2002 அக்டோபர்ல அடிமட்டத்துக்கு வந்தப்போ கூட 7,286. அதாவது அவர் கவலைப்பட்ட அளவ விட அந்த அடிமட்டமே மேலதான் இருந்துச்சு. 1996-லயே வட்டிய வச்சு உடைச்சிருந்தா அது சரியான முடிவா இருந்திருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது சிக்கல், வட்டிங்கறது எல்லார் மேலயும் விழுற ஆயுதம். ஷேர் ஆடுறவங்கள அடிக்கணும்னு தூக்கினா விவசாயக் கடனும் சின்னத் தொழிலும் சேந்து அடி வாங்கும். ஜப்பான்ல 1989 மே மாசம் 2.5 சதவீதமா இருந்த வட்டிய 1990 ஆகஸ்ட்டுக்குள்ள 6-க்கு ஏத்தினாங்க. 1989 கடைசி நாள் வர்த்தகத்துல 38,915-ல நின்ன நிக்கேய் குறியீடு 1990 அக்டோபர் வர்றதுக்குள்ள கிட்டத்தட்ட பாதியாச்சு. அந்த உயரத்த அது திரும்பத் தொட்டது 2024 பிப்ரவரியில. ஊதினதுல குத்தம் இல்லன்னு சொல்லல, நிலமும் பங்கும் கடன்ல ஊதிக் கெடந்துச்சு. ஆனா அடி வாங்கின வங்கிகள உடனே சரி பண்ணாம வருஷக்கணக்கா இழுத்தடிச்சதுதான் பெரிய சேதம்.

இதுக்கு இன்னும் நல்ல வழி, கடன் வாங்கி ஷேர் வாங்குறதுக்கு வரம்பு கட்டுறது. புரோக்கர்கிட்ட கடன் வாங்கி ஷேர் வாங்கும்போது நம்ம கையில இருந்து போட வேண்டிய பங்கு மார்ஜின். 1920-கள்ல சுமார் 10, 20 சதவீதம் கையில வச்சுக்கிட்டே வாங்க முடிஞ்சுது. 1934 சட்டம் அந்த வரம்ப வைக்கற அதிகாரத்த ஃபெட்டுக்குக் கொடுத்துச்சு, 1974-ல இருந்து அது 50 சதவீதம். வங்கிகள் எவ்வளவு பணத்த ஷேர் சார்ந்த கடன்ல போடலாம்னு வரம்பு, கஷ்ட காலத்துக்கு எவ்வளவு முதல் ஒதுக்கி வைக்கணும்னு விதி, இதெல்லாமும் அதே வகைதான். குமிழி வரும், உடையும், அத நிறுத்த முடியாது. உடையும்போது அது வங்கிய இழுத்துட்டுப் போகாம இருக்கறதுதான் முக்கியம்.

நேரா ஷேரையே வாங்கிட்டா?

அதையும் பண்ணிப் பாத்திருக்காங்க. 1998 ஆகஸ்ட்ல ஹாங்காங் நாணய ஆணையம் ரெண்டே வாரத்துல சுமார் 118 பில்லியன் ஹாங்காங் டாலருக்குப் பங்குகள வாங்குச்சு. அவங்க நாணயம் அமெரிக்க டாலரோட கட்டி வச்சது. ஊகக்காரங்க நாணயத்த அடிச்சு வட்டிய ஏற வச்சு, அதனால விழப்போற பங்குச் சந்தையிலயும் முன்னாடியே பந்தயம் கட்டி, ரெண்டு பக்கமும் சம்பாதிக்கப் பாத்தாங்க. ஆணையம் எதிர்த்து நின்னது நாணயத்தக் காப்பாத்தத்தான். பிரச்சினை முடிஞ்சதும், 1999 நவம்பர்ல இருந்து அந்தப் பங்குகள ஒரு ஃபண்டா மாத்திப் பொதுமக்களுக்கு விக்க ஆரம்பிச்சாங்க. குறிக்கோள் தெளிவு, வெளிய வர்ற வழியும் தெளிவு.

பேங்க் ஆஃப் ஜப்பான் போன பாதை வேற. 2010 டிசம்பர்ல இடிஎஃப் வாங்க ஆரம்பிச்சாங்க. இடிஎஃப்னா ஒரு குறியீட்டுல இருக்கற எல்லாப் பங்கையும் சேத்துக் கட்டின ஒரே யூனிட். ஜனங்க ஆபத்து எடுக்க பயந்து ஒதுங்குறாங்க, பணவீக்கமே இல்லாம பொருளாதாரம் தேங்கிக் கெடக்கு, அதக் கெளப்பணும்ங்கறது காரணம். முதல்ல சின்னத் தொகை, 2016-ல இருந்து வருஷத்துக்கு 6 டிரில்லியன் யென். காலையில மார்க்கெட் விழுந்தா மத்தியானம் மத்திய வங்கி வாங்கும்னு எல்லாருக்கும் பழகிப் போச்சு, அதாவது விலை என்ன சொல்லுதுன்னு கேக்க வேண்டிய இடத்துல இருக்கறவங்களே அந்த விலைய எழுத ஆரம்பிச்சாங்க. வாங்கின விலைப்படி சுமார் 37 டிரில்லியன் யென் சேந்துச்சு. 2024 மார்ச்ல புதுசா வாங்குறத நிறுத்தினாங்க. மார்க்கெட் ஏறினதால கையில நல்ல லாபமும் இருக்கு, இத வச்சு அந்தத் திட்டம் வெற்றின்னு சொல்றவங்க இருக்காங்க.

ஆனா விக்கணுமே. மொத்தமா வித்தா அவங்களே மார்க்கெட்டச் சாய்ச்ச மாதிரி ஆயிடும். 2025 செப்டம்பர்ல விக்கற திட்டத்த அறிவிச்சாங்க, வாங்கின விலைக் கணக்குல வருஷத்துக்கு சுமார் 330 பில்லியன் யென். அந்த வேகத்துல முழுசா வித்து முடிக்க நூறு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் அந்த மத்திய வங்கி வட்டி ஏத்துறப்போ எல்லாம் அது தன் கையில இருக்கற பங்கோட மதிப்பையும் சேத்தே அடிக்கும், விலைவாசிய மட்டும் பாத்து முடிவெடுக்கறாங்களான்னு யார் கேட்டாலும் அந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கும்.